அவர்கள் என்ன வாங்கினார்கள்?

அன்புள்ள சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு,

பள்ளிகளில் வரலாறு நடத்தும் உங்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன். ஐரோப்பியர் கால் பதிப்பதற்கு முந்தைய ஆப்பிரிக்க அரசுகளைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைக்கும்போது, அங்கிருந்து என்னென்ன வெளியே போயின என்று பாடத்தைத் தொடங்காதீர்கள். அங்கே வாழ்ந்தவர்கள் என்ன வாங்கினார்கள் என்று தொடங்குங்கள்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் ஆப்பிரிக்காவைச் சந்திக்கும் இடங்கள் மிகச் சில. முதலில் எகிப்தின் பிரமிடுகள். பிறகு ஒரே தாவலில் அட்லாண்டிக் கடலின் அடிமைக் கப்பல்கள். அப்புறம் காலனி ஆட்சி, காந்தியின் தென்னாப்பிரிக்கா. இப்போது காணொளிகள் வழியாக மான்சா மூசா என்ற பெயரும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உலகம் கண்ட பெரும் பணக்காரர், அவருடைய சொத்து இத்தனை ஆயிரம் கோடி டாலர் என்று ஒரு தொகையையும் சொல்வார்கள். 14ஆம் நூற்றாண்டு மன்னர் ஒருவரின் செல்வத்தை இன்றைய டாலரில் அளக்க எந்த வழியும் கிடையாது. அந்தத் தொகையைக் கரும்பலகையில் எழுத வேண்டாம். ஆனால் என் கவலை தொகையைப் பற்றியதல்ல. இந்த எல்லாச் சித்திரங்களிலும் ஆப்பிரிக்கா என்பது பொருள்கள் எடுக்கப்படும் இடமாகவே இருக்கிறது. தங்கம் எடுக்கிறார்கள், தந்தம் எடுக்கிறார்கள், மனிதரை எடுக்கிறார்கள். எடுத்துப் போகிறவர்தான் கதையில் நடமாடுகிறார். அங்கே இருப்பவர் கொடுத்துவிட்டு நிற்கிறார்.

வாங்குகிறவருக்கோ தேவை உண்டு, ருசி உண்டு. பேரம் பேசுவார், வேண்டாம் என்பார், வாங்கியதைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்வார். வாங்கியவரைத் தேடிப் போனால் மாணவர்கள் ஒரு சந்தையைச் சந்திப்பார்கள். சந்தையைச் சந்தித்தால் அதைக் காவல் காத்த அரசும் கூடவே புரியும்.

முதலில் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வழிகாட்டியாக நீங்கள் ஏற்கெனவே நன்கு அறிந்த ஒருவரையே அழைத்துக்கொள்ளலாம்: இபின் பதூதா. முகமது பின் துக்ளக்கிடம் டெல்லியில் காஜியாக இருந்த மொராக்கோக்காரர் என்று அவரை நடத்துகிறோம். மதுரை சுல்தானகத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள நேரடிச் சாட்சியும் அவர்தான். இலங்கையிலிருந்து வரும்போது சோழமண்டலக் கரையருகே கப்பல் உடைந்து, தன் மனைவியின் சகோதரியை மணந்திருந்த மதுரை சுல்தானிடம் வந்து சேர்ந்தார். அந்த நகரில் மக்கள் கொள்ளைநோயில் செத்து விழுந்ததைப் பார்த்தார், தானும் காய்ச்சலில் படுத்தார். அதே மனிதர் 1352ஆம் ஆண்டு சகாராவின் வடவிளிம்பில் இருந்த சிஜில்மாசாவிலிருந்து ஒட்டக வணிகர்களோடு தெற்கே புறப்பட்டு மாலி அரசுக்குப் போனார். நம் பாடநூலின் பாத்திரம் ஒருவர் தானாகவே மேற்கு ஆப்பிரிக்காவுக்குள் நடந்து போகிறார். பின்னாலேயே மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் போதும்.

25 நாள் பயணத்துக்குப் பின் அவர் சேர்ந்த இடம் தகாசா. மரம் ஒன்றுகூட இல்லாத ஊர். வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டவை, மேலே ஒட்டகத் தோல் கூரை. மண்ணைத் தோண்டினால் பெரிய பாளங்களாக உப்பு வரும், வெட்டி அடுக்கியது போல. ஓர் ஒட்டகம் இரண்டு பாளங்களைச் சுமக்கும். வெட்டியவர்கள் மசூஃபா என்ற பாலைவனக் குலத்தாரின் அடிமைகள். அவர்கள் உண்ட பேரீச்சம்பழம் வடக்கேயிருந்தும் கம்பு, சோளம் போன்ற சிறுதானியம் தெற்கேயிருந்தும் வந்தன. ஒட்டக இறைச்சியும் உணவாக இருந்தது. அந்த மண்ணில் உண்பதற்கு எதுவும் விளையாது.

அதற்குத் தெற்கே உள்ள பாதைதான் உயிர்ப் பிரச்சினை. வணிகக் கூட்டம் முன்கூட்டியே ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி வலாட்டா ஊருக்கு அனுப்பும். அவர் தனியாகப் பாலையைக் கடந்து கடிதங்களைச் சேர்ப்பார். ஊரார் தண்ணீர் எடுத்துக்கொண்டு நான்கு நாள் தொலைவுக்கு எதிர்கொண்டு வருவார்கள். தூதர் வழியில் இறந்துவிட்டால் ஊருக்குச் செய்தி போகாது, கூட்டத்தில் பெரும்பாலோர் தாகத்தில் மடிவார்கள். இபின் பதூதா போன கூட்டம் இந்த வேலைக்குக் கொடுத்த கூலி 100 மித்கால் தங்கம். ஒரு மித்கால் என்பது சுமார் நாலேகால் கிராம். அவர்களுக்கு வழிகாட்டியவருக்கு ஒரு கண் பார்வையில்லை, மற்றதிலும் நோய். ஆனாலும் அந்த வழியை அவரைப் போல் அறிந்தவர் எவருமில்லை என்று வியந்து எழுதியிருக்கிறார் இபின் பதூதா.

இனி விலைகள். தகாசாவின் ஓர் ஒட்டகச் சுமை உப்பு வலாட்டாவில் 8 முதல் 10 மித்கால் தங்கத்துக்கு விற்றது. அதே சுமை மாலியின் தலைநகரில் 20 முதல் 30, சில சமயம் 40 மித்கால். இந்த எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பைக் கேளுங்கள்: நடுவில் ஏறிய விலை யார் யாருக்குப் போனது? ஒட்டகக்காரர், வழிகாட்டி, கிணற்றுக்குச் சொந்தக்காரர், சுங்கம் வாங்கும் அதிகாரி, வழியில் செத்த ஒட்டகம் என்று பட்டியலை அவர்களே போடுவார்கள். சங்கப் பாடல்களில் வரும் உமணரைத் தமிழ் வகுப்பில் படித்த பிள்ளைக்கு இது புது உலகமாகத் தோன்றாது. நெய்தல் நிலத்து உப்பை வண்டியேற்றி மேட்டு நிலங்களில் நெல்லுக்கு மாற்றியவர்கள் பட்ட பாட்டையே ஒட்டகக்காரர்கள் மணலில் பட்டார்கள்.

இங்கிருந்து அரசுக்குப் போவது எளிது. மாலிக்கு முன் அந்தப் பகுதியில் கோலோச்சியது கானா, சோனின்கே மக்களின் அரசு. 1068இல் அதைப் பற்றி எழுதிய அல் பக்ரி ஸ்பெயினை விட்டு வெளியே போனதில்லை. போய் வந்த வணிகர்களிடம் கேட்டு எழுதினார். அதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள், யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். அவர் தரும் சுங்கக் கணக்கு இது: நாட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு கழுதைச் சுமை உப்புக்கும் ஒரு தங்க தினார், வெளியே போகும் சுமைக்கு இரண்டு. செம்புச் சுமைக்கு 5 மித்கால், மற்றச் சரக்குகளுக்கு 10. சுரங்கத்தில் கட்டியாகக் கிடைக்கும் தங்கம் மன்னருக்கு, பொடி மக்களுக்கு. எல்லாமே சந்தைக்கு வந்துவிட்டால் தங்கத்துக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்பதே காரணம் என்றும் அவர் எழுதுகிறார். உப்பு வடக்கே பாலையில் கிடந்தது, தங்கம் தெற்கே. இரண்டுக்கும் நடுவில் பாதையைப் பிடித்துக்கொண்டு, பயம் இல்லாமல் பயணம் செய்ய வழி செய்து, அதற்குக் கட்டணம் வாங்கிய அரசு அது. போகும் உப்புக்கு ஏன் இருமடங்கு என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு விடையிலும் நிலவியலும் பொருளியலும் சேர்ந்தே வரும்.

செம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாலி மன்னர் மான்சா மூசா 1324இல் மெக்கா போகும் வழியில் கெய்ரோவில் தங்கியதும், அவர் கூட்டம் செலவழித்த தங்கத்தால் அங்கே தங்கத்தின் விலை இறங்கியதும் எல்லோரும் சொல்லும் கதை. சில ஆண்டுகள் கழித்துக் கெய்ரோவில் விசாரித்து அதைப் பதிவு செய்தவர் அல் உமரி. ஒரு மித்கால் 25 திர்ஹத்துக்குக் கீழே இறங்கியதில்லை, அந்த வருகைக்குப் பின் 22க்கும் கீழே போயிற்று என்பது அவர் கணக்கு. திரும்பும்போது மூசாவின் கையில் காசு தீர்ந்து கெய்ரோ வணிகர்களிடம் கடன் வாங்க நேர்ந்ததையும் அவரே சொல்கிறார். என்னைப் பொறுத்தவரை அதே நூலில் உள்ள வேறொரு செய்திதான் வகுப்பறைக்கு உகந்தது. தன் நாட்டுச் செம்பைத் தெற்கே உள்ள மக்களிடம் 100 மித்காலுக்கு 66⅔ மித்கால் தங்கம் என்ற விலைக்கு விற்பதாக மூசா கெய்ரோவில் சொல்லியிருக்கிறார். ஒரு பங்கு செம்புக்கு மூன்றில் இரண்டு பங்கு தங்கம்! மாணவர்கள் சிரிப்பார்கள், ஏமாந்துவிட்டார்கள் என்பார்கள். அங்கேதான் நீங்கள் நிறுத்திக் கேட்க வேண்டும். ஆற்று மணலில் தங்கம் கிடைக்கும் ஊரில், செம்பு கிடைக்காத ஊரில், எது அரிது? வளையலுக்கும் சடங்குக் கலங்களுக்கும் செந்நிற உலோகத்தை மதித்த மக்களுக்குத் தங்கம் எதற்கு? விலை என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் குணம் என்று நினைத்திருக்கும் பிள்ளைக்கு அன்று ஒரு கதவு திறக்கும்.

தெற்கே இருந்த மக்கள் அந்த உலோகத்தை வைத்து என்ன செய்தார்கள் என்பதற்கு இன்றைய நைஜீரியாவின் இக்போ உக்வு சாட்சி. 1938இல் ஒருவர் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி வெட்டும்போது வெளிப்பட்ட இடம். பின்னர் தர்ஸ்டன் ஷா நடத்திய அகழாய்வில் 9ஆம் நூற்றாண்டு வாக்கிலான வெண்கலக் கலங்கள் கிடைத்தன. நத்தைச் சிப்பியின் வடிவில், கயிறு பின்னிய வேலைப்பாட்டோடு வார்க்கப்பட்டவை. கூடவே லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகளும் சூதுபவள மணிகளும். கடலோரத்தில் ஐரோப்பியக் கப்பல் தென்படுவதற்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே காட்டுப் பகுதிக்குள் இத்தனை மணிகள் வந்து சேர்ந்திருக்கின்றன.

அடுத்தது சோழி. நம் வீடுகளில் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் எடுக்கிற அதே சோழி. இதில் இந்தியப் பெருங்கடலே கைக்குள் வந்துவிடும். இபின் பதூதா மாலத்தீவில் ஒன்றரை ஆண்டு போல் காஜியாக இருந்தார். கடலில் சோழிகளைத் திரட்டிக் கரையில் குழி தோண்டிப் புதைப்பார்கள், சதை அழுகிப் போனதும் வெள்ளை ஓடு மிஞ்சும். வங்காளத்தாரிடம் அதைக் கொடுத்து அரிசி வாங்குவார்கள். ஏமன் நாட்டார் கப்பலின் அடிப்பாரத்துக்கு மணலுக்குப் பதிலாகச் சோழியை ஏற்றிக்கொள்வார்கள். மாலத்தீவில் ஒரு தங்க தினாருக்கு 4,00,000 சோழி, மலிந்த காலத்தில் 12,00,000 வரைகூட. மாலியிலும் காவோ நகரிலும் அதே சோழி ஒரு தினாருக்கு 1,150 என்ற கணக்கில் கைமாறியதைக் கண்டதாக அவர் குறிக்கிறார். வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: சுமார் 350 மடங்கு. ராஜராஜ சோழன் மாலத்தீவை வென்ற செய்தியை நீங்கள் நடத்தியிருப்பீர்கள். அந்தத் தீவுகளின் ஓடு ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில் காசாகப் புழங்கியது என்பதை அந்தப் பாடத்தோடு சேர்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

இபின் பதூதாவின் குறிப்புகளில் இன்னொன்றையும் விட மனமில்லை. வலாட்டாவில் ஒருவருடைய சொத்து அவர் மகனுக்குப் போவதில்லை, சகோதரியின் மகனுக்குப் போகிறது. இந்த வழக்கத்தை உலகில் வேறெங்கும் நான் காணவில்லை, மலபாரைத் தவிர என்று எழுதுகிறார் அவர். நம் அண்டை மாநிலத்து மருமக்கத்தாயத்தை நேரில் பார்த்த கண் அது.

திம்புக்டுவில் என்ன வாங்கினார்கள்? புத்தகம். கிரனாடாவில் பிறந்து மொராக்கோவில் வளர்ந்த லியோ ஆப்பிரிக்கனஸ் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நகரைக் கண்டு எழுதினார். வடக்கேயிருந்து வரும் கையெழுத்துப் பிரதிகள்தான் மற்ற எல்லாச் சரக்கையும்விட அதிக லாபம் தந்தன என்பது அவர் தரும் தகவல். அந்த ஊர் அறிஞர் அகமது பாபாவின் நூலகத்தில் 1,600 நூல்கள் இருந்தன, தன் உறவினர்களிலேயே தன்னுடையதுதான் சிறிய நூலகம் என்று அவர் சொல்லியிருக்கிறார். 1591இல் மொராக்கோவின் துப்பாக்கிப் படை தோண்டிபியில், அந்த நகரை ஆண்ட சோங்காய் அரசை வீழ்த்திய பிறகு அவரைக் கைதியாக மரக்கேஷுக்குக் கொண்டு போனார்கள், நூல்களும் பறிபோயின. திம்புக்டு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெட்டிகளில் பாதுகாத்த சுவடிகளை 2012, 2013 ஆண்டுகளில் ஆயுதக் குழுக்களின் கண்ணில் படாமல் பமாகோ நகருக்குக் கடத்திச் சேர்த்தார்கள். இது உங்கள் மாணவர்கள் பிறந்த காலத்தை ஒட்டி நடந்தது.

இந்த அரசுகளின் எழுச்சியை அரபு வணிகர்கள் கொண்டுவந்த வரம் என்று சொல்லும் பழக்கம் பல நூல்களில் உண்டு. அதை மறுக்க ஜென்னே ஜெனோ என்ற ஒரே பெயர் போதும். நைஜர் ஆற்றின் உள்நாட்டுக் கழிமுகத்தில் உள்ள மேடு. 1977இல் தொடங்கிய அகழாய்வு அங்கே கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே இரும்பு உருக்கிய குடியிருப்பு இருந்ததையும், அது கி.பி. 800க்குள் பெரிய நகரமாக வளர்ந்ததையும் காட்டியது. அரிசி, மீன், செம்பு எல்லாம் ஆற்று வழியே கைமாறியிருக்கின்றன. ஒட்டகக்காரர்கள் வந்தது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த சந்தைகளுக்கு.

கிழக்குக் கரைக்கு வருவோம். செங்கடல் வழிகாட்டி என்று நாம் முசிறியையும் அரிக்கமேட்டையும் நடத்தும்போது எடுத்துக்காட்டும் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், அந்தத் துறைகளுக்கு வருவதற்கு முன் அதுலிஸில் நிற்கிறது. இன்றைய எரித்ரியாவில் உள்ள துறை அது, அக்சும் அரசின் வாசல். அங்கே விலைபோகும் பொருள்களின் பட்டியலில் இந்தியாவிலிருந்து வரும் இரும்பும் எஃகும் அகலப் பருத்தித் துணியும் உண்டு. எகிப்தின் செங்கடல் துறைகளான பெரனிகேயிலும் குசேர் அல் காதிமிலும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்ததையும், பெரனிகே கோயிலில் இந்திய ஜாடி ஒன்றில் ஏழரை கிலோ மிளகு இருந்ததையும் உங்களில் பலர் ஏற்கெனவே நடத்துகிறீர்கள். அதே கடலில் இன்னும் சற்றுத் தெற்கே ஒரு விரலை நகர்த்தினால் அக்சும் வந்துவிடும். சொந்தமாகப் பொற்காசு அடித்த அரசு. வெளிநாட்டு வணிகருக்குப் போகும் பொற்காசில் கிரேக்க எழுத்தைப் பொறித்தார்கள், உள்ளூர்ச் சந்தைக்கான செப்புக் காசில் தங்கள் கீயஸ் மொழியை எழுதினார்கள். யாரோடு எந்த மொழியில் பேச வேண்டும் என்று தெரிந்தே அந்த அரசு காசடித்தது.

அதற்கும் தெற்கே சுவாஹிலி கரை. கில்வாவை இபின் பதூதா 1331 வாக்கில் கண்டு அழகான, நன்கு கட்டப்பட்ட நகரம் என்று புகழ்ந்தார். அப்போது ஆண்ட சுல்தான் அல் ஹசன் பின் சுலைமான் அடித்த செப்புக் காசு ஒன்று உள்நாட்டில் வெகுதூரம் தள்ளி கிரேட் ஜிம்பாப்வேயில் கிடைத்திருக்கிறது. சோஃபாலா துறை வழியாகத் தங்கம் கீழே வந்தது. மணியும் துணியும் சீனப் பீங்கானும் மேலே போயின. போனவை போன வடிவிலேயே இருந்துவிடவில்லை. லிம்போபோ ஆற்றங்கரையில், மாபுங்குப்வே அரசு தலையெடுக்கும் முன் செழித்த ஊரில், கடல் கடந்து வந்த சிறு கண்ணாடி மணிகளை உருக்கிக் களிமண் அச்சில் வார்த்துப் பெரிய மணிகளாக்கிக்கொண்டார்கள். போர்த்துகீசியரான துவார்த்தே பர்போசா 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோஃபாலாவைப் பற்றி எழுதியதைக் காஞ்சிபுரத்திலும் சின்னாளபட்டியிலும் பரமக்குடியிலும் இருக்கும் ஆசிரியர்கள் அவசியம் வகுப்பில் சொல்ல வேண்டும். அங்கே பருத்தி விளைந்தது, வெள்ளைத் துணி நெய்தார்கள், ஆனால் சாயமேற்றும் வழி தெரியாது. ஆகவே குஜராத்தின் காம்பேயிலிருந்து வந்த நீலத் துணியை வாங்கி, நூல் நூலாகப் பிரித்தெடுத்து, தங்கள் வெள்ளை நூலோடு சேர்த்து மறுபடி நெய்தார்கள். ஒரு முழுத் துணியைப் பிரித்து நூலாக்குவது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை.

கிரேட் ஜிம்பாப்வேயைப் பற்றி மேல்வகுப்புகளில் ஒரு முழுப் பாடவேளை பேசலாம். சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர். பெரிய சுற்றுமதிலின் சுற்றளவு 250 மீட்டர், சில இடங்களில் உயரம் 11 மீட்டர். ஷோனா மக்களின் முன்னோர் 11ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த நகரம். இதைக் கறுப்பின மக்கள் கட்டியிருக்க முடியாது என்று வெள்ளைக் குடியேறிகள் பல பத்தாண்டுகள் சாதித்தார்கள். பினீசியர் என்றார்கள், சேபா நாட்டு அரசி என்றார்கள். அந்தக் கதையை நிறுவும் ஆசையில் ஒருவர் ஆப்பிரிக்கரின் வாழ்தடங்கள் கிடந்த மண்ணடுக்குகளையே வாரி வெளியே கொட்டினார். 1905இல் ராண்டல் மக்கைவரும் 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சனும் தோண்டிப் பார்த்து இது ஆப்பிரிக்கர் கட்டியதே என்று சொன்ன பிறகும் அங்கே ஆண்ட வெள்ளையரின் ரொடீஷிய அரசு கேட்கவில்லை; 1960களிலும் 70களிலும் வழிகாட்டி நூல்களில் உண்மையை எழுதவிடாமல் நெருக்கியது. தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் அந்த நாட்டை விட்டே வெளியேறினார். 1980இல் விடுதலை பெற்ற நாடு அந்தக் கற்சுவர்களின் பெயரையே சூட்டிக்கொண்டது. மண்ணடுக்கு ஒருமுறை கலைந்தால் திரும்ப வராது என்பதையும், சான்றை அழிப்பது ஆளும் கூட்டத்தின் அரசியலாக இருக்க முடியும் என்பதையும் பதினாறு வயதில் தெரிந்துகொள்வது நல்லது.

இனி நீங்கள் தயங்கக்கூடிய இடம். அடிமை வணிகத்தை என்ன செய்வது? மறைக்காதீர்கள். இந்த அரசுகளின் பெருமையைச் சொல்லும் ஆர்வத்தில் தகாசாவின் உப்பை வெட்டிய கைகளைத் துடைத்துவிட நமக்கு உரிமையில்லை. 1353இல் இபின் பதூதா தகேத்தா ஊரிலிருந்து வடக்கே திரும்பிய வணிகக் கூட்டத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரையும் அவர் எழுதவில்லை. சகாரா வழியாகவும் செங்கடல் வழியாகவும் பல நூற்றாண்டுகள் மனிதர் விற்கப்பட்டனர். ஆப்பிரிக்க மன்னர்களும் அரபு வணிகர்களும் அதில் செல்வம் சேர்த்தார்கள். எத்தியோப்பியப் பகுதியில் பிறந்து விற்கப்பட்டுத் தக்காணத்துக்கு வந்து, அகமதுநகர் அரசைத் தாங்கி முகலாயரைத் திணறடித்த மாலிக் அம்பரும் அந்த வணிகம் கொண்டுவந்தவர்தான். அட்லாண்டிக் வணிகத்தின் அளவும் கொடுமையும் வேறு என்பதை உரிய பாடத்தில் சொல்லுங்கள். ஆனால் ஒன்றைக் காட்டி மற்றதை மூடாதீர்கள். முன்னே சொன்ன அகமது பாபா 1615இல் இது குறித்தே ஒரு நூல் எழுதினார். முஸ்லிம் அல்லாதவரை அடிமையாக்கலாம் என்ற அன்றைய சட்டத்தை அவர் ஏற்றார். ஆனால் கறுப்புத் தோல் ஒருவரை அடிமையாக்கும் காரணமாகாது, முஸ்லிமாக வாழும் நாட்டு மக்களைப் பிடித்து விற்பது குற்றம் என்று வாதிட்டார். முழுமையான விடுதலைக் குரலாக அதைக் காட்ட முடியாது. அந்தச் சமூகத்துக்குள்ளேயே ஒருவர் கேள்வி எழுப்பினார் என்பதை, அவர் எங்கே நின்றுவிட்டார் என்பதோடு சேர்த்துச் சொல்லலாம்.

வரைபடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய கானா இன்றைய கானா இருக்கும் இடத்தில் இல்லை. அது மொரிடானியாவின் தென்கிழக்கையும் மாலியின் மேற்கையும் சேர்ந்த நிலம். தங்கக் கடற்கரை என்று அழைக்கப்பட்ட காலனி 1957இல் விடுதலையானபோது அந்தப் பழம்பெயரை ஏற்றுக்கொண்டது. பித்தளைத் தகடுகளுக்குப் பேர்போன பெனின் அரசு இன்றைய நைஜீரியாவில் இருந்தது. பெனின் என்ற இன்றைய நாடு அதற்கு மேற்கே, முன்பு தகோமி என்று இருந்து 1975இல் பெயர் மாற்றிக்கொண்டது. தேர்வில் வரைபட வினா வைக்கும்போது இது குழப்பம் தரும்.

ஆண்டுக்கு ஒரே ஒரு பாடவேளைதான் மிச்சம் என்றால் எதைச் செய்வது என்றும் கேட்பீர்கள். 1505ஐ எடுங்கள். பிரான்சிஸ்கோ டி அல்மெய்டா என்றால் இந்தியாவின் முதல் போர்த்துகீசிய ஆளுநர், நீலநீர்க் கொள்கை என்று நம் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். கொச்சிக்கு வரும் வழியில் அந்த ஆண்டு அதே அல்மெய்டா ஜூலையில் கில்வாவையும் ஆகஸ்டில் மொம்பாசாவையும் கொள்ளையடித்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வழி கேட்டு ஒரு மாலுமியைப் பெற்றுக்கொண்டதும் அதே கரையின் மலிந்தியில்தான். நன்னம்பிக்கை முனையிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு நேராக ஓர் அம்புக்குறி போடும் வழக்கத்தை விட்டுவிட்டு, அந்த அம்புக்குறியைச் சோஃபாலா, கில்வா, மொம்பாசா, மலிந்தி என்று நிறுத்தி நிறுத்திப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அங்கே என்ன விற்றார்கள், என்ன வாங்கினார்கள் என்று ஒரு வரி எழுதட்டும். மேலும் படிக்க விரும்பினால் யுனெஸ்கோ வெளியிட்ட ஆப்பிரிக்காவின் பொது வரலாறு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் தொகுதியைத் தொகுத்த ஜோசப் கி செர்போ உள்ளிட்ட பலர் ஆப்பிரிக்க வரலாற்றாசிரியர்கள்.

வினாத்தாள் எடுக்கும் பொறுப்பு உங்களில் பலருக்கு உண்டு. மான்சா மூசா, குறிப்பு வரைக என்று கேட்டால் பிள்ளைகள் தங்கத்தையும் ஒட்டகங்களையும் எழுதிவிட்டுப் போவார்கள். அதற்குப் பதிலாக வலாட்டாவின் உப்பு விலையையும் மாலியின் உப்பு விலையையும் வினாவிலேயே கொடுத்துவிடுங்கள். வழியில் யார் யாருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று காரணத்தோடு எழுதச் சொல்லி ஐந்து மதிப்பெண் வையுங்கள். ஒரே சரியான விடை கிடையாது என்பதால் திருத்துவது கடினம்தான். ஆனாலும் வையுங்கள்.

அன்புடன்,
வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்